ஏழாவது பலகை

பிலாஸ்பூர்
12-10-91

அண்ணன் ராஜாமணிக்கு டில்லிபாபு எழுதிக்கொண்டது. நான் இங்க சொகமாத்தான் கீறேன். தலையில மண்ணு, காதுல மண்ணு, தின்ற சோத்துலயும் மண்ணு, மத்தபடி ஒரு கொறையும் இல்ல. நீ, கிளியம்மா அண்ணி, என் கங்கா, பாப்பா ரத்னா எல்லாம் எப்பிடிக் கீறீங்க? உன் இருமல் நின்னுச்சா?

போர் வண்டி வேலைக்கு வந்து பதினோரு மாசம் ஆச்சி. ஊர் ஊராப் போயி பூமிய ஓட்டை போட்டுக்கினே கீறோம். தண்ணி வந்தா மால போடறான், வரலைன்னா திட்டறான். ரெண்டுமே எனக்குப் பழகிப்போச்சி.

தீவாளிக்கு ஊருக்கு விடறேன்னு ஓனர் சொல்லிட்டாரு. தீவாளிக்கு முடியலன்னா அடுத்த வாரத்துக்குள்ளயாவது வந்து நிப்பேன். கம்பெனியில எல்லாருக்கும் நீல சட்ட குடுத்தாங்க. அதப் போட்டுகினுதான் வருவேன், பாத்தா நீயே எழுந்து நின்னு சல்யூட் அடிப்ப. ரத்னாவுக்கு ரப்பர் வளையல் வேணும்னு கங்கா சொன்னதா எழுதியிருந்தியே, அத மறக்கல. அரை டஜன் வாங்கி ஜேபியிலயே வெச்சி எடுத்தாறேன்னு புள்ளகிட்ட சொல்லு. கங்காகிட்ட ஒண்ணும் சொல்லாத, நானே நேர்ல வந்து திட்டு வாங்கிக்கிறேன்.

இப்படிக்கு உன் தம்பி
டில்லிபாபு


பள்ளிக்கூட முகாம், வல்லம் வடகால்
22-11-91

கோலார் தங்கவயல்ல கீற சரோஜா அக்காவுக்கு ராஜாமணி எழுதறது. கால் கட்டோட படுத்துகினு கீற, வர முடியலன்னு மச்சான் அடிச்ச தந்தி கெடச்சிது. உன் கால் இப்ப எப்பிடி கீது? கீழ ஊனாத. இங்க எல்லாரும் சொகம்னு எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்னிக்கு அந்த வார்த்த வரல.

தந்தியில மூணே வார்த்ததான் போட்டேன். நடந்தத சொல்றேன். பதினஞ்சாந்தேதி வெள்ளிக்கிழமை பொயுது விடிஞ்சதுலேர்ந்து பேய்க்காத்து. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏரிக்கரை ஒடஞ்சிது. கரைக்குக் கீழதான் நம்ம தெருன்னு உனக்குத் தெரியும். நாப்பது குடிசையும் கண்ணு முன்னால போச்சி. ரத்னாவ தோள்ல தூக்கிப் போட்டுகினு ஓடினேன். கங்காவும் கிளியம்மாவும் ஒருத்தர் முடிய ஒருத்தர் புடிச்சிகினு வந்து சேந்தாங்க. என் வூட்ல ஒரு செவுரு நிக்குது. டில்லி வூடு இருந்த எடம் எதுன்னே தெரியல.

தீவாளிக்கு வரேன்னு எழுதியிருந்தான் டில்லி. வரல. கங்கா தெனம் ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் போயி பஸ்ஸ பாத்துட்டு வந்தா. அந்த வெள்ளிக்கிழமையும் போறேன்னுதான் கெளம்பினா, காத்து விடல.

ஞாயித்துக்கிழமை செங்கல் சூளைக்குப் போற ரோட்டு மதகுகிட்ட, வேலிகாத்தான் முள்ளுல ஒரு ஆளு மாட்டிகினு கீறான்னு சொன்னாங்க. போனேன். மொகம் இல்லக்கா. தண்ணியும் மீனும் ஒண்ணும் விட்டு வெக்கல. நீல சட்ட. அவன் ஒசரம். கங்கா கீழ உக்காந்து ஜேபியில கைய விட்டா. செவப்பு ரப்பர் வளையல் அரை டஜன், காயிதத்துல சுத்தினது. அப்பால என்னாத்தக் கேக்கறது? கூட்ரோட்ல பஸ் நின்னுபோயி நடந்தே வந்துகீறான், என் தம்பி. வூட்டுக்கு அரை மைல் வரைக்கும் வந்துட்டான்.

மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சதுலேர்ந்து ஊர் பேர் தெரியாத ஆளுன்னாலே இங்க ஆயிரம் கேள்வி. போலீஸ்காரரு கேட்டாரு, யாருன்னு நிச்சயமாத் தெரியுமான்னு. என் தம்பிய எனக்குத் தெரியாதாய்யான்னு கத்திட்டேன். கையெழுத்து போட்டேன். வெறகெல்லாம் ஊறிக் கெடந்துச்சி, எரிக்க முடியல. பொதைச்சோம். நம்ம தெருவுல மொத்தம் ஏழு குழி.

நான் மொட்ட அடிச்சிகினேன். ரத்னா என் தலயத் தடவிப் பாத்து சிரிக்குது. நீ இருந்திருந்தா என்னக் கட்டிகினு அழுதிருப்ப. இங்க நான்தான் எல்லாருக்கும் தெம்பு சொல்லிகினு கீறேன்.

உன் தம்பி
ராஜாமணி


கோலார் தங்கவயல்
1-12-91

ராஜாமணிக்கு அக்கா எழுதறது. கால் கெடக்குது கால். என் கொயந்தைய எட்டு வயசு வரைக்கும் இடுப்புல தூக்கினவ நான், அவன் குழியில ஒரு புடி மண்ணு போட முடியாம இங்க கட்டில்ல கெடக்கறேன். இந்தக் கால வெட்டிப் போட்டா தேவல.

அழுது அழுது இப்ப எழுதறேன். கேட்டுக்கோ. கங்காவுக்கு இருவத்தி நாலு வயசு. பதினாறாம் நாள் சடங்குன்னு சொல்லிக்கினு பொம்பளைங்க அவள ஆளுக்கொரு பக்கம் இயுத்துத் துன்புறுத்தக் கூடாது. நீ கூடவே நில்லு. நெவாரணம் குடுக்கறவங்க வந்தா வெக்கப்படாத, மொதல்ல போயி நில்லு. அந்தப் புள்ளைக்கு ஒரு கூர வேணும். அத நீ செஞ்சி முடிக்கலன்னா என் மொகத்துல முழிக்காத.

எல்லாரும் ஒடம்பப் பாத்துக்கங்க. வெந்நி குடிங்க.

சரோஜா


பள்ளிக்கூட முகாம்
9-12-91

அக்காவுக்கு ராஜாமணி. உன் கட்டப் பிரிச்சிட்டாங்களா? இங்க மழ விட்டுது. ரத்னாவுக்கு நெஞ்சுச்சளி, ராத்திரியில ஊளையாட்டம் இழுக்குது. நூறு பேரு ஒரே வராண்டாவுல படுத்தா வேற இன்னா ஆவும்.

ரெண்டாந்தேதி சடங்கு முடிஞ்சிது. நீ சொன்ன மாதிரி கூடவே நின்னேன். ஆனா தாலிய அறுக்கறப்போ திரும்பி நின்னுகினேன், அதுக்கு மேல எனக்கு தெகிரியம் இல்ல. கங்கா அந்த செவப்பு வளையல ரத்னா கையில மாட்டி வுட்டா. அப்பா வாங்கினு வந்ததுன்னு ரத்னா எல்லாருக்கும் காட்டிகினு திரியுது.

மெட்ராஸ்லேர்ந்து லாரி வருது. ஒரு நாள் சோத்துப் பொட்டலம், ஒரு நாள் அரிசி, ஒரு நாள் பழைய துணி மூட்டை. துணி மூட்டையில கங்கா கைக்கு வந்தது ஒரு மாம்பழக் கலர் சேல, செவப்புக் கரை. வாங்கி ரொம்ப நேரம் மடியில வெச்சிகினு இருந்தா. அப்பால கிளியம்மாகிட்ட குடுத்துட்டா. உடைஞ்ச கரைய கட்டற வேலைக்கு நான் போறேன், கூலிக்கு அரிசி தராங்க.

நல்ல சேதி ஒண்ணு. சேவ சங்கத்துலேர்ந்து ஷாரோன் அம்மான்னு ஒருத்தங்க வந்துகீறாங்க. பதினாலு வூடு கட்டறாங்க, சிமெண்ட் தளம் போட்டது. அதுல மொதல் ஏழு, ஆம்பளைய பறிகுடுத்த குடும்பத்துக்கு. கேட்டேன், வெளியூருக்கு பொழைக்கப் போன ஆளோட குடும்பத்துக்கு உண்டான்னு. பக்கத்துத் தெரு முனியன் பொண்டாட்டிக்காகத்தான் கேட்டேன். ஆளு வந்து நின்னாத்தான் பேர் எழுதுவோம்னு சொல்லிட்டாங்க. கங்கா பேரு மொதல்லயே வந்துடுச்சி. அஸ்திவாரம் தோண்டியாச்சி. தம்பி செத்துகூட பொண்டாட்டி புள்ளைக்கு ஒரு வூடு குடுத்துட்டுப் போயிட்டான்னு ஊர்ல பேசறாங்க. கேக்கவே நாராசமா கீது, ஆனா நெசந்தானே.

பெரிய ஆபீசருங்க பாக்க வராங்கன்னு ஏழு குழி மேலயும் தகரப் பலகை நட்டுகீறாங்க. பேரும் தேதியும் வெள்ளப் பெயிண்ட்ல எழுதி. ஏழாவது டில்லியோடது.

ராஜாமணி


ஜாஞ்சிகிர் பக்கம்
26-11-91

அண்ணாவுக்கு டில்லிபாபு. எல்லாரும் நல்லா கீறீங்களா? மொதல்ல அதுக்கு பதில் எழுது, மத்தத அப்பால படி.

தீவாளிக்கு வரலன்னு கங்கா கொதிச்சிகினு இருப்பா. தப்பு என் மேல இல்ல. கெளம்பற அன்னிக்கி போர் குழிக்குள்ள நூத்தியெம்பது அடியில தொளைக்கற ஹேமர் மாட்டிகிச்சி. அத எடுக்காம ஒருத்தனும் நகரக் கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டாரு. எடுக்க பத்தொம்போது நாள் ஆச்சி. தீவாளி அன்னிக்கி வண்டிக்கு அடியில படுத்துகினு பொரி தின்னேன்.

நேத்து ஒரு தமிழ் லாரி டிரைவர் சொன்னாரு, மெட்ராஸ் பக்கம் பெரிய புயலு, நெறைய பேரு போயிட்டாங்கன்னு. அதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. ஏரி ரொம்பிச்சா? கரை நிக்குதா? ரத்னாவுக்கு வளையல் வாங்கிட்டேன். பச்ச கலர்தான் கெடச்சிது. இந்தக் கடுதாசிய மேனேஜர் டவுனுக்குப் போறப்போதான் போஸ்ட் பண்ணுவாரு, எப்ப வந்து சேருமோ. கெடச்ச அன்னிக்கே பதில் போடு. நீ போடற வரைக்கும் நான் ஒண்ணும் தூங்கப் போறதில்ல.

டில்லிபாபு


வல்லம் வடகால்
21-12-91

தம்பி டில்லிபாபுவுக்கு அண்ணன் எழுதறது. உன் கடுதாசி நேத்து கெடச்சிது. அத வெச்சிகினு ரொம்ப நேரம் அழுதேன். உன் எழுத்தப் பாத்ததே போதும்டா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

புயல் வந்தது நெசந்தான். கங்கா நல்லா கீறா. ரத்னா நல்லா கீது, கொஞ்சம் சளி. குடிச போச்சி, கட்டிக்கலாம். நீ இப்ப வராத. படுக்கக்கூட எடமில்ல. வேலைய விட்டுட்டு வந்தா ஓனர் திரும்பி சேத்துக்க மாட்டாரு. வெளியூர்லேர்ந்து வர ஆள எல்லாம் நிறுத்தி விசாரிக்கறாங்க. சித்திர மாசம் வா. அதுக்குள்ள எல்லாம் சரியாயிடும். சித்திரைக்கு முன்னால வராத, அண்ணன் சொல்றேன்.

நல்லா சாப்புடு.

ராஜாமணி


வல்லம் வடகால்
21-12-91

அக்கா, நீ எப்பிடிக் கீற, மச்சான் எப்பிடிக் கீறாருன்னு கேக்கக்கூட நெதானம் இல்ல. டில்லி உயிரோட கீறான்.

ஆமாங்க்கா. நேத்து கரை மேல மண்ணு கொட்டிகினு இருந்தேன். போஸ்ட்மேன் கண்ணப்பன் சைக்கிள தள்ளிகினு வந்து தனியா கூப்ட்டாரு. மொகம் வெளுத்துப் போயி இருந்தாரு. கவர் மேல டில்லி எழுத்து. பழைய லெட்டரா இருக்கும்னு பிரிச்சேன். தேதி நவம்பர் இருவத்தாறு. நாம பொதைச்சி ஒம்போது நாள் கழிச்சி எழுதிகீறான். அந்தத் தேதியவே திருப்பித் திருப்பி படிச்சேன்.

சந்தோஷம் வந்துச்சி. பொய் சொல்லல, வயிறு குளுந்து போச்சி. ஒரு நிமிஷம். அப்பால பயம் வந்து உக்காந்துச்சி, இன்னும் எழுந்து போவல. அப்ப நான் பொதைச்சது யாரு? யாரோ ஒருத்தன என் தம்பின்னு சொல்லி கையெழுத்து போட்டு மண்ணுக்குள்ள தள்ளிகீறேன். இந்த ஊர்ல, இந்த வருஷத்துல. யாரு அவன், எதுக்கு மறைச்ச, எவன் சொல்லி பொதைச்சன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்? வளையல் இருந்துச்சின்னா நம்புவாங்களா?

கங்காகிட்ட சொல்லல. திட்டாத, முழுசா கேளு. சொன்னா அவ ஒரு நிமிஷம் அடக்க மாட்டா, தெருவுல நின்னு கூவுவா. யாரா இருந்தாலும் கூவுவாங்க. அடுத்த நாளே வூட்டுலேர்ந்து பேர அடிச்சிடுவாங்க. செவுரு இடுப்பு ஒசரம் வந்துடுச்சிக்கா. பொங்கலுக்குள்ள பள்ளிக்கூடத்த காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. ரத்னா ராத்திரி மூச்சு விட முடியாம எழுந்து உக்காந்துக்குது, அந்தக் கொயந்தைய பனியில எங்க படுக்க வெப்பேன்? தளம் போடட்டும். கையில சாவி வரட்டும். அன்னிக்கே சொல்லிடறேன். கண்ணப்பன் காலப் புடிச்சி கேட்டுகினேன், அவரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு.

டில்லிக்கு இப்ப வராதன்னு எழுதிட்டேன். காலையில கங்கா எனக்கு கஞ்சி ஊத்தினா. வெறும் நெத்தியோட குனிஞ்சி ஊத்தினா. அத எப்பிடி குடிச்சேன்னு எனக்கே தெரியல.

ராஜாமணி


கோலார் தங்கவயல்
28-12-91

டேய் பாவி.

நல்லா கீறியான்னு கேக்க மாட்டேன். என் தம்பி உயிரோட கீறான்னு நான் இங்க நொண்டி நொண்டி மாதா கோயிலுக்கும் போனேன், மாரியாத்தா கோயிலுக்கும் போனேன். அதே தம்பி பொண்டாட்டி அங்க முண்டச்சியா ஒக்காந்துகினு கீறா, நீ அவ ஊத்தற கஞ்சிய குடிக்கற.

இந்தக் கடுதாசி கெடச்ச அடுத்த நிமிஷம் அவகிட்ட சொல்லு. நானே எழுதலாம்னா அவளுக்குப் படிக்கத் தெரியாது, படிச்சிக் காட்டறவன் நீதான். மச்சானுக்கு லீவு இல்ல. டில்லியோட அட்ரஸ அனுப்பு, அவனுக்காவது நான் எழுதறேன். வூடு முக்கியந்தான், நான்தான் சொன்னேன். இப்பிடி ஒரு வூட நான் கேக்கல. குழியில கீறவனுக்கும் ஒரு அக்கா இருப்பாடா. அவ எந்த ரோட்ல நின்னுகினு கீறாளோ.

சரோஜா


பிலாஸ்பூர்
8-1-92

அண்ணாவுக்கு, அண்ணிக்கு, கங்காவுக்கு, ரத்னா குட்டிக்கு பொங்கல் வாழ்த்து. நான் நல்லா கீறேன். உன் கடுதாசி வந்ததும்தான் எனக்கு உயிரு வந்துச்சி.

ஆனா ஒண்ணு கேக்கறேன். நீ எழுதினதுல கங்கா சொன்னதுன்னு ஒரு வார்த்தகூட இல்லியே? எப்பவும் நாலு திட்டாவது எழுதச் சொல்லுவாளே. அம்மாம் கோவமா? திட்டாம இருந்தா எனக்கு பயமா கீதுன்னு சொல்லு. ஒரு திட்டு போதும், கடைசியில ஒரு ஓரமா எழுது.

சித்திரைக்கு முன்னால வராதன்னு நீ சொன்னதால ஓனர்கிட்ட பேசிட்டேன். வண்டி பிப்ரவரி இருவதாந்தேதி இங்கேர்ந்து ராஜஸ்தானுக்குப் போவுது. ஆறு மாசம் வேல. அங்க எந்த ஊர்னு ஓனருக்கே தெரியல, போய்ச் சேந்துட்டு நான் எழுதறேன். அதுக்கப்பால இந்த அட்ரசுக்கு போடாத, வீணாப் போவும்.

பச்ச வளையல் என் பெட்டியிலயே கீது. அதுக்குள்ள புள்ள கை பெருசாயிடுமோன்னு கவலையா கீது.

டில்லிபாபு


வல்லம் வடகால்
28-1-92

அக்காவுக்கு ராஜாமணி. உன் கால் ஆறிடுச்சின்னு மச்சான் எழுதினது பாத்தேன், சந்தோஷம். நீ கேட்ட அட்ரஸ நான் அனுப்பல. கங்காகிட்டயும் சொல்லல. தளம் போட்டதும் சொல்லிடுவேன்னு எழுதினேன், போன வியாழக்கிழமை தளம் போட்டாச்சி. அப்பால கதவு மாட்டினதும் சொல்லலாம்னு நெனச்சேன். கதவு மாட்டினா வேற ஒண்ண நெனச்சிருப்பேன். என்ன எனக்கே தெரிஞ்சி போச்சிக்கா.

நேத்து ஒரு பொம்பள வந்தாங்க. பேரு லூர்தம்மாள், தண்டலத்துக்காரங்க. வூட்டுக்காரர் பேரு யாக்கோபு. செங்கல் லாரியில லோடுமேன். பொண்ணுக்கு செவப்பு ரப்பர் வளையல் வாங்கியாறேன்னு சொல்லிட்டுப் போனவராம். புயல் அன்னிக்கி நம்ம சூளைக்கு லோடு ஏத்த வந்தவரு, லாரி மாட்டிகினு மேல போவல, நடந்து ரோட்ட புடிக்கறேன்னு எறங்கினாராம். அதோட சரி. ரெண்டு மாசமா முகாம் முகாமா, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கல்யாண போட்டோவ பிளாஸ்டிக் கவர்ல வெச்சிகினு சுத்திட்டு வந்துகீறாங்க.

கொழாயடியில கங்காதான் தண்ணி குடுத்தா. பக்கத்துல ரத்னா நின்னுகினு இருந்துச்சி. அந்தம்மா புள்ள கையப் பாத்துட்டு கேட்டாங்களாம், இது எங்க வாங்கினதும்மான்னு.

"இவ அப்பா வாங்கினாரு. அவர தூக்கினப்போ ஜேபியில இருந்துச்சி."

"நீல சட்டையா?"

"ஆமா."

"ஜேபி ஓரத்துல கருப்பு நூல் போட்டு தெச்சிருந்துச்சா?"

கங்கா அன்னிக்கே அந்த நூல பாத்துகீறா. வெளியூர்ல யாரோ தெச்சிக் குடுத்துகீறாங்கன்னு நெனச்சிகினாளாம். அந்தம்மா சொன்னாங்களாம், வூட்ல நீல நூல் இல்ல, கருப்புதான் இருந்துச்சி, நான்தான் தெச்சேன்னு.

நான் புது வூட்டுத் தளத்துக்கு தண்ணி ஊத்திகினு இருந்தேன். ரெண்டு பேரும் கையப் புடிச்சிகினு வந்தாங்க. "மாமா, அந்த ஜேபிய தெச்சது இவங்களாம்"னா கங்கா. அப்பவும் ஒரு பொய் தொண்ட வரைக்கும் வந்துச்சிக்கா. ரத்னா என்னப் பாத்துகினு இருந்துச்சி. இடுப்புலேர்ந்து டில்லியோட ரெண்டு கடுதாசியயும் எடுத்துக் குடுத்தேன். கங்காவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா புருஷன் எழுத்து தெரியும். பாத்தா.

"எத்தினி நாளா?"

"முப்பத்தெட்டு நாளா."

அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா தேவல. திரும்பி அந்தம்மாகிட்ட, "அக்கா, நீ படிப்பியா? படி"ன்னா. அந்தம்மா நின்னுகினே சத்தமா படிச்சாங்க. பச்ச வளையல்னு வந்த எடத்துல நிறுத்திட்டு, என்னப் பாத்து கேட்டாங்க, "எந்தக் குழி?"ன்னு. கூட்டிகினு போயி ஏழாவது பலகைய காட்டினேன். டில்லிபாபுன்னு எழுதியிருந்தத வெரல் வெச்சி எழுத்து எழுத்தா படிச்சாங்க.

நாளைக்கு நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். கிளியம்மாவ உன்கிட்ட ஒப்படைச்சேன்.

உன் தம்பி
ராஜாமணி


வல்லம் வடகால்
5-2-92

சேசு மரி சூசை

என் வூட்டுக்காரருக்கு கங்கா சொல்லச் சொல்ல எழுதியது.

நீங்க நல்லா கீறீங்களா? நெசமா நல்லா கீறீங்களா? உங்கள திட்டச் சொல்லி எழுதியிருந்தீங்க. திட்டறேன். தீவாளிக்கு வரேன்னு எழுதிட்டு வராத மனுஷன் நல்லா இருப்பானா? நீங்க வரலன்னு ஒரு தந்தி அடிச்சிருந்தா நான் வேற ஒருத்தர் ஜேபியில கைய வுட்டிருப்பேனா? உங்களுக்காக பதினாறு நாள் அழுதேன், தாலிய கழட்டினேன், நீங்க அங்க ஹேமர் எடுத்துகினு இருந்தீங்க. போதுமா? இன்னும் கீது, நேர்ல வெச்சிக்கிறேன்.

உங்க அண்ணன் மேல எனக்கு ஆத்திரம் அடங்கல. தண்ணியில எங்கள தூக்கினதும் அவருதான், முப்பத்தெட்டு நாள் என்ன உயிரோட பொதைச்சி வெச்சதும் அவருதான். ஸ்டேஷனுக்குப் போயி ஏழு நாள் ஆச்சி, இன்னும் வரல. கிளியம்மா அக்கா தெனம் சோறு எடுத்துகினு போயி வாசல்ல நிக்கறாங்க. தம்பி உயிரோட கீறான்னா கூட்டிகினு வான்னு சொல்றாங்களாம். கடுதாசி யார் வேணா எழுதலாமாம்.

ஷாரோன் அம்மாகிட்ட நானே போயி சொன்னேன். அவங்க அழுதுட்டாங்க. வூட்ட பூட்டி வெச்சிகீறாங்க, ஆளு வந்து நின்னாத்தான் எந்தப் பேரயும் எழுதுவாங்களாம். நாங்க அண்ணன் வூட்டு செவுத்துல ஓலைய சாச்சி படுத்துகினு கீறோம். ரத்னாவுக்கு சளி நெஞ்சுலயே கீது. செவப்பு வளையல இத எழுதற லூர்தம்மாள் அக்கா புள்ள ஜாஸ்மினுக்கு திருப்பிக் குடுத்துட்டோம். ரத்னா குடுக்க மாட்டேன்னு அழுதுச்சி, அப்பால அதுவே கழட்டிக் குடுத்துச்சி. உங்க பச்சய மறக்காம எடுத்தாங்க.

நெவாரணத்துல வந்த மாம்பழக் கலர் சேலய கிளியம்மா அக்கா திருப்பிக் குடுத்துட்டாங்க, மடிச்சி வெச்சிகீறேன். பொட்டு இன்னும் வெக்கல. எல்லாரும் வெச்சிக்க சொல்றாங்க. நான் கூட்ரோட்ல உங்கள பாத்துட்டு வெச்சிக்கிறேன். கடுதாசிய நம்பி ஒரு தடவ போதும்.

உங்க
கங்கா

சகோதரர் டில்லிபாபு அவர்களுக்கு,

இனி எழுதுவது லூர்தம்மாள். ஆண்டவர் உங்களைச் சுகமாக வைத்திருக்க வேண்டுகிறேன். இதுவரை எழுதியது கங்கா சொன்னது. இதை நான் அவளுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

கம்பெனி ஆபீசுக்கு இரண்டு தந்தி கொடுத்தோம். பதில் இல்லை. இருபதாம் தேதி நீங்கள் புறப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்று ஐந்து. பிலாஸ்பூருக்குக் கடிதம் போக சில சமயம் பத்து நாள், சில சமயம் ஒரு மாதம் ஆகிறது என்று போஸ்ட்மேன் சொன்னார். அதனால் இதையே மூன்று பிரதி எழுதி மூன்று நாள் தனித்தனியாகப் போடுகிறேன். ஒன்றாவது கிடைக்க வேண்டும்.

உங்கள் அண்ணன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனாலும் நான்கு பேர் தோளில் தூக்கிக் கொண்டுபோய், தலையை மழித்துக்கொண்டு, அழுது அடக்கம் செய்தார். என் வீட்டுக்காரருக்கு அதுவாவது நடந்தது. இரண்டு மாதம் அது தெரியாமல்தான் நான் அலைந்தேன்.

அவரைக் காணாமல் போனவர் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். கோயிலில் பூசை வைக்கப் போனேன். சாமியார், முதலில் தாலுகா ஆபீசில் காகிதம் வாங்கி வா என்றார். தாலுகா ஆபீசில், அந்தக் குழியில் இருப்பவர் டில்லிபாபு, காகிதம் அப்படித்தான் சொல்கிறது என்றார்கள். பலகையைப் பிடுங்கினால் வழக்கு ஆகும் என்று பயமுறுத்தினார்கள். நான் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பெயருக்கு முன்னால் முட்டி போட்டு ஜெபம் செய்துவிட்டு வருகிறேன்.

நீங்கள் உயிரோடு வந்து நின்றால்தான் என் வீட்டுக்காரர் செத்தவர் ஆவார். சிலுவை செய்து வைத்திருக்கிறேன், வேலமரத்தில். அந்தப் பலகையை நீங்களே உங்கள் கையால் பிடுங்க வேண்டும்.

ராஜஸ்தானுக்குப் போய்விடாதீர்கள், தம்பி.

லூர்தம்மாள்